அட்டை இல்லாத தறியில் பூ விழாது

நாளைக் காலை பத்து மணிக்கு நீதான் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். உனக்கு ராத்திரிச் சோறு இறங்கவில்லை. பென்டிரைவில் முப்பது ஸ்லைடு இருக்கிறது, சென்னையில் யாரோ உட்கார்ந்து தயாரித்தது. திறந்து பார்க்கிறாய், மூடுகிறாய், மறுபடியும் திறக்கிறாய். மனப்பாடம் பண்ணிக்கொண்டு போய்விடலாமா? சீட்டு எழுதி வைத்துக்கொள்ளலாமா? சீட்டைப் பார்த்தால் சிரிப்பார்களே!

தம்பி, தங்கச்சி, உன் பயம் மொத்தமும் அந்தக் கடைசிக் கேள்வியில்தான் குடியிருக்கிறது. முதலில் அதன் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளு.

சீட்டு வைத்துப் பேசுவது கேவலம் என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தது நம் ஊர் மேடைகள். நீதிக்கட்சி 1944-ல் திராவிடர் கழகமாகப் பெயர் மாறிய மாநாடு நம் சேலத்தில்தான் நடந்தது. மணிக்கணக்கில் கையில் காகிதம் இல்லாமல் கொட்டித் தீர்த்தவர்களைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த மண் இது. அதனாலேயே ‘துண்டுச்சீட்டு’ என்பது எதிராளியை மட்டம் தட்டுகிற வசைச்சொல் ஆகிவிட்டது. அந்த வசையை அரசியல்காரர்கள் தங்களுக்குள் எறிந்துகொள்ளட்டும். நீ ஓட்டுக் கேட்கப் போகவில்லை. நாற்பது பேருக்கு ஒரு வேலையைக் கற்றுக்கொடுக்கப் போகிறாய். நீ ஒன்றை விட்டுவிட்டால் நாற்பது வீட்டில் அது விட்டுப்போகும்.

1935 அக்டோபர் 30. அமெரிக்காவில் ஓஹியோ மாநிலத்து டேட்டன் நகரம். போயிங் மாடல் 299 என்ற நான்கு எஞ்சின் விமானம் சோதனைக்காக மேலே எழும்பி, எழும்பிய வேகத்தில் கீழே விழுந்து எரிந்தது. எஞ்சினில் கோளாறு இல்லை. நிறுத்தி வைத்திருக்கும்போது காற்றில் துடுப்புகள் ஆடாமல் இருக்க ஒரு பூட்டு போடுவார்கள். கிளம்பும்போது அதை எடுக்க மறந்துவிட்டார்கள். ஓட்டியவர் கற்றுக்குட்டியும் இல்லை. அந்த விபத்துக்குப் பிறகு விமானிகளின் கைக்கு வந்ததுதான் சரிபார்ப்புப் பட்டியல். இன்றைக்கும் நம் காமலாபுரம் விமான நிலையத்திலிருந்து கிளம்புகிற விமானத்தில், எத்தனை ஆயிரம் மணி நேரம் பறந்தவராக இருந்தாலும் விமானி பட்டியல்படி ஒவ்வொன்றாகச் சரிபார்த்துவிட்டுத்தான் கிளப்புகிறார். நீயும் நானும் அந்தச் சீட்டை நம்பித்தான் சீட் பெல்ட் போட்டுக்கொள்கிறோம். அவருக்கு இல்லாத வெட்கம் உனக்கு எதற்கு?

வெளிநாட்டுக் கதை வேண்டாமா? அப்படியானால் ஜலகண்டாபுரம் பக்கம் வா. இளம்பிள்ளைப் பக்கம் போனாலும் சரி. தறிப் பட்டறைக்குள் நுழைந்து, சேலைக்குப் பூப்போடும் தறியின் மேலே அண்ணாந்து பார். ஜக்கார்டு பெட்டி இருக்கும். ஓட்டை ஓட்டையாகக் குத்திய அட்டைகள் நூலில் கோத்து மாலைபோலத் தொங்கும். ஓட்டை இருக்கிற இடத்தில் பாவு இழை மேலே எழும், ஓட்டை இல்லாத இடத்தில் எழாது. ஒரு ஊடைக்கு ஒரு அட்டை. நாடா ஒரு தடவை ஓடினால் ஓர் அட்டை நகரும். 1804 வாக்கில் பிரான்சின் லியோன் நகரத்தில் ஜோசப் மரி ஜக்கார்டு உருவாக்கிய ஏற்பாடு இது. இப்போது எலெக்ட்ரானிக் ஜக்கார்டு வந்து சில பட்டறைகளில் அட்டையின் இடத்தைப் பென்டிரைவ் பிடித்துக்கொண்டது, அது வேறு விஷயம். முப்பது வருஷமாகத் தறி ஓட்டுகிற பெரியவரிடம் போய், “என்னங்க இது, அட்டையைப் பார்த்தா பூப்போடறீங்க? மனசுல இருந்து போட மாட்டீங்களா?” என்று கேட்டுப் பார். உன்னை மேலும் கீழும் பார்ப்பார்.

அட்டை இல்லாத தறி வெறும் துணிதான் நெய்யும். உன் குறிப்புதான் உன் அட்டை.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். 1989-ல் தருமபுரியில் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கிய மகளிர் குழுத் திட்டம், அடுத்த சில வருஷங்களில் சேலம் மாவட்டத்துக்கும் வந்தது. குழு வந்தால் பயிற்சி வரும், பயிற்சி வந்தால் ‘கருத்தாளர்’ வேண்டும். பல வருஷங்கள் கழித்து அப்படி ஒரு கருத்தாளராக என்னையும் ஒரு தொண்டு நிறுவனம் அனுப்பியது. ஜலகண்டாபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம். எதிரே நாற்பது பெண்கள். பாதிப் பேர் தறியை நிறுத்திவிட்டு, அன்றைக்குக் கூலியை விட்டுவிட்டு வந்தவர்கள். நான் பெரிய கெட்டிக்காரன் என்ற நினைப்பில் ஸ்லைடுகளையே அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். அதுதான் என் ‘குறிப்பு’. சுவரில் இருந்ததைக் கையில் பார்த்துப் படித்தேன். நாலாவது ஸ்லைடில், முன்வரிசையில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த அம்மா சொன்னார்:

“ஏங் கண்ணு, அதான் செவுத்துல எழுதியிருக்குதே. படிக்கத் தெரிஞ்சவங்க படிச்சுக்குவாங்க. தெரியாதவங்களுக்கு நீ எதாச்சும் சொல்லு.”

கூடமே சிரித்தது. ஆறாவது ஸ்லைடில் கரண்ட் போனது. சுவரும் இருட்டு, என் மூளையும் இருட்டு. ஜெனரேட்டர் டீசலுக்கு ஆள் போய்த் திரும்பிவர முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணி நேரமும் நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். என்னிடம் சொல்ல ஒன்றும் இல்லையா? இருந்தது. நான் தறிவீட்டுப் பையன். மீட்டர் வட்டியிலிருந்து மளிகைக்கடைப் பாக்கி வரை வீட்டில் பார்த்து வளர்ந்தவன். அதில் ஒரு வரிகூட என் கைத்தாளில் இல்லை. அச்செடுத்த முப்பது பக்கத்தில் என்னைத் தவிர எல்லாம் இருந்தது.

வீட்டுக்குப் போனதும் தப்பை நேர் எதிர்ப்பக்கத்தில் செய்தேன். அடுத்த பயிற்சிக்கு ‘அனைவருக்கும் வணக்கம்’ தொடங்கி ‘நன்றி’ வரை ஒரு வரி விடாமல் எழுதினேன். பத்துப் பக்கம் வந்தது. நல்லவேளை, அதோடு போய் நிற்பதற்கு முன்னால் காந்தியின் சுயசரிதையில் ஒரு பக்கம் கண்ணில் பட்டது. லண்டனில் சட்டம் படித்த நாட்களில் வெண்ட்னர் என்ற ஊருக்கு, சைவ உணவைப் பற்றிய கூட்டத்துக்குப் போகிறார். பேச்சை எழுதிக் கையோடு கொண்டுபோயிருந்தார். ஒரு தாளுக்கு மேல் இருக்காது, அவ்வளவுதான். வாசிக்க எழுந்து நின்றார். கண் இருட்டியது, உடம்பு நடுங்கியது. கடைசியில் கூடப் போயிருந்த நண்பர் அதை வாங்கி வாசித்தார்.

பின்னாளில் ஒரு தேசத்தையே எழுந்து நிற்க வைத்த மனிதர் ஐயா அவர்! ஒரு தாளை வாசிக்க முடியாமல் நின்றிருக்கிறார் என்றால் பயம் உனக்கு மட்டும் வந்த வியாதி கிடையாது. இன்னொன்றையும் கவனி. முழுக்க எழுதிய தாள் கையில் இருந்தும் அது அவரைக் காப்பாற்றவில்லை. ஒரு வரி தவறினால் அடுத்த வரி எங்கே இருக்கிறது என்று கண் தேடும், தேடுகிற இரண்டு நொடியில் நெஞ்சு படபடக்கும். வாக்கியக் காட்டுக்குள் ஒற்றையடிப் பாதை தெரியாது.

சர்ச்சிலுக்கு நடந்தது இதன் மறுபக்கம். 1904 ஏப்ரல் 22-ம் தேதி பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் மனப்பாடத்தை நம்பி எழுந்தவர், பாதியில் மறந்துபோய், அப்படியே உட்கார்ந்துவிட்டார். அதன் பிறகு குறிப்பில்லாமல் அவர் பெரிய பேச்சுக்கு எழுந்ததில்லை. அந்தக் குறிப்பைத் தட்டச்சு செய்யவைத்த முறைதான் எனக்குப் பிடித்தது. பத்தி பத்தியாக இல்லாமல், மூச்சு விடுகிற இடத்தில் எல்லாம் வரியை உடைத்துப் படி படியாக இறக்கிப் போகச் சொன்னார். பார்வைக்கு அது கவிதை மாதிரி இருக்கும். நிமிர்ந்து சபையைப் பார்த்துவிட்டுக் குனிந்தால் விட்ட இடம் கண்ணில் படும்.

அப்படியானால் அட்டையில் என்னதான் எழுதுவது? இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம், இதுதான் வேலையே.

குழுக்களுக்கான வட்டிப் பயிற்சி என்று வைத்துக்கொள். சுவரில் ஸ்லைடு இப்படி இருக்கும்: ‘கடனுக்கான வட்டிக் கணக்கீட்டு முறைகள்: நிலையான வட்டி, குறையும் வட்டி, ஓர் ஒப்பீடு.’ இதற்கு நீ எழுதுகிற குறிப்பு ‘இரண்டு முறைகளையும் விளக்க வேண்டும்’ என்று இருந்தால் அந்த அட்டையைக் கிழித்துப் போடு. என்ன விளக்கம்? யாருக்கு? எந்தச் சொல்லில்? அது நீ உனக்கே போட்டுக்கொண்ட உத்தரவு. நாளைக்கு நடுங்கிக்கொண்டு நிற்கும்போது உத்தரவு எதற்கு உதவும்?

என் மூணாம் நம்பர் அட்டையை அப்படியே காட்டுகிறேன்:

‘பத்தாயிரம் கடன்.
ஒரு ரூபா வட்டி. பத்து மாசம்.
மாசம் ஆயிரம் அசல் கட்டறோம்.
கேள்: ரெண்டு தவணை கட்டியாச்சு. மூணாவது மாசம் உங்க தலைமேல கடன் எவ்வளவு?
(வாயை மூடு. மனசுக்குள்ள பத்து எண்ணு.)
“எட்டாயிரம்” வரும்.
அப்புறம் ஏனுங்க பத்தாயிரத்துக்கு வட்டி கட்டறீங்க?
(போர்டு: 1000 / 550)
மிச்சம் 450. அது யாரு பணம்?
அடுத்து: நோட்டுல எழுதற விதம்.’

இவ்வளவுதான். நிலையான வட்டி என்றால் மாசம் நூறு வீதம் பத்து மாசத்துக்கு ஆயிரம். குறையும் வட்டி என்றால் முதல் மாசம் நூறு, அடுத்து தொண்ணூறு, எண்பது என்று இறங்கிக் கடைசி மாசம் பத்து, ஆக மொத்தம் 550. இந்த விளக்கம் அட்டையில் இல்லை பார். அது என் தலையில் இருக்கிறது, இருந்துதான் ஆக வேண்டும். தலையில் இல்லாததை அட்டை காப்பாற்றாது. பதற்றத்தில் நழுவிப்போகிறவை சில உண்டு: முதல் வாக்கியம், எண், கேட்க வேண்டிய கேள்வி, அடுத்த ஸ்லைடுக்குத் தாவும் சொல். அட்டை இவற்றுக்கு மட்டும்தான்.

‘வாயை மூடு’ என்று எனக்கு நானே எழுதிக்கொண்டதைப் பார்த்துச் சிரிக்கிறாயா? அதுதான் அந்த அட்டையிலேயே விலை உயர்ந்த வரி. புதிதாகப் பேசுகிறவன் கேள்வி கேட்டுவிட்டு ஒரு நொடி மௌனத்தைக்கூடத் தாங்கமாட்டான், பதிலையும் அவனே சொல்லிவிடுவான். கேட்டவர்களுக்கு யோசிக்க வேலையே இருக்காது. நாடகம் எழுதுகிறவர்களுக்கு இது தெரியும். இந்த ஊர்ப் பெயரையே முன்னால் சுமந்த ஜலகண்டபுரம் ப. கண்ணன் திராவிட இயக்க மேடைக்கு நாடகம் எழுதியவர். அவருடைய எழுத்துகளை அரசு நாட்டுடைமை ஆக்கியிருக்கிறது. நாடகப் புத்தகம் எதையாவது திறந்து பார். வசனத்துக்கு நடுவே அடைப்புக்குறிக்குள் ‘வாளை உருவி’, ‘திரும்பிப் பாராமல்’ என்று இருக்கும். நடிகன் அதை வாசித்துக் காட்டுவதில்லை, செய்கிறான். உன் அட்டையிலும் பேச வேண்டியது ஒரு பங்கு என்றால், செய்ய வேண்டியது இன்னொரு பங்கு இருக்கட்டும். போர்டுக்குப் போ. நோட்டை எடுக்கச் சொல். பின்வரிசையைப் பார். தண்ணீர் குடி.

மொழி விஷயத்தில் நான் கொஞ்சம் கோபமாகவே பேசுவேன், பொறுத்துக்கொள். ‘பயனாளிகள் தங்களது சேமிப்பினை உரிய பதிவேடுகளில் பதிவு செய்திடல் வேண்டும்’ என்று அட்டையில் எழுதாதே! அது உன் வாயில் பிறந்த வாக்கியமா? உன் அம்மாவிடம் அப்படிப் பேசுவாயா? உன் வாய் எதைச் சொல்லுமோ அதை எழுது. ‘சேமிப்பு கட்டினா அன்னிக்கே நோட்டுல ஏத்துங்க.’ முடிந்தது. இங்கிலீஷ் ஸ்லைடைப் பார்த்துச் சுருங்கிப் போகாதே. ஸ்லைடு சென்னையிலிருந்து வரலாம், டெல்லியிலிருந்து வரலாம், அமெரிக்காவிலிருந்துகூட வரலாம். குறிப்பு நங்கவள்ளியிலிருந்தும் தாரமங்கலத்திலிருந்தும்தான் வர முடியும். தார் தீர்ந்தால் தறி எப்படி நிற்கும், சந்தையில் நூல் விலை ஏறினால் எந்த வீட்டில் என்ன குறையும் என்று ஸ்லைடு போட்டவருக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். தெரிந்ததைக் கூச்சப்படாமல் அட்டையில் ஏற்று. உன்னை விட்டால் அந்தக் கூடத்துக்கு அதைக் கொண்டுவர வேறு ஆள் கிடையாது.

தாரமங்கலம் என்றதும் ஞாபகம் வருகிறது. கைலாசநாதர் கோயிலுக்குப் போனால் ராமன், வாலி சிற்பத்தைக் காட்டுவார்கள். ராமன் நிற்கிற இடத்திலிருந்து பார்த்தால் வாலி தெரிவான், வாலியின் பக்கத்திலிருந்து பார்த்தால் ராமன் தெரியமாட்டான். லேப்டாப்பில் பேச்சாளர் குறிப்பும் அதே ஏற்பாடுதான். சுவரில் ஸ்லைடு மட்டும் விழும், உன் பக்கத்துத் திரையில் குறிப்பும் கடிகாரமும் இருக்கும். 1987-ல் பவர்பாயிண்ட் முதலில் வந்தபோதே பேசுகிறவருக்கான குறிப்புப் பக்கத்தையும் சேர்த்துத்தான் கொடுத்தார்கள். முக்கால்வாசிப் பேர் ஸ்லைடுக்குக் கீழே உள்ள அந்தப் பெட்டியை ஒரு தடவைகூடத் தொட்டதில்லை! தொடு. அதிலும் எழுது. ஆனால் அதை மட்டும் நம்பாதே, நம் ஊரில் கரண்ட் போகும்.

அதனால் கையில் அட்டை வேண்டும். மெல்லிய தாள் வேண்டவே வேண்டாம். கை லேசாக நடுங்கினாலும் தாள் படபடவென்று அடித்து ஊருக்கே காட்டிக்கொடுக்கும். வீட்டில் பீரோ மேலே பழைய கல்யாணப் பத்திரிகைகள் கிடக்கும், அந்தக் கெட்டி அட்டையைப் பாதியாக வெட்டு. உள்ளங்கையில் அசையாமல் நிற்கும். ஓர் அட்டைக்கு ஒரு விஷயம், பத்து வரிக்குமேல் போகாதே. கைநீட்டும் தூரத்தில் கண்ணாடி இல்லாமல் படிக்கிற அளவுக்கு எழுத்தைப் பெரிதாக எழுது. எண்களைச் சிவப்பில் எழுது. மூலையில் நம்பர் போடு, எத்தனை மணிக்கு இந்த அட்டையில் இருக்க வேண்டும் என்றும் எழுது. பிறகு ஓர் ஓட்டை போட்டுத் தறி நூலில் கோத்துக் கட்டு. ஜக்கார்டு அட்டையை ஏன் கோக்கிறார்கள்? ஒன்று முன்னே பின்னே போனால் பூ கோணிக்கொள்ளும். கீழே விழுந்த குறிப்புகளைப் பொறுக்கி அடுக்குகிற பேச்சாளரை நான் பார்த்திருக்கிறேன். பாவம்.

எழுதியதை இன்றைக்கு ராத்திரியே வாய்விட்டுச் சொல்லிப் பார். கண்ணால் படிப்பது கணக்கில் சேராது. தறிச் சத்தத்துக்கு நடுவே கத்திச் சொல். எந்த வரியில் நாக்கு தடுக்குகிறதோ அது புத்தக வரி, அடித்துவிட்டு உன் வரியை எழுது. எந்த அட்டையில் நேரம் இழுக்கிறதோ அங்கே எதை விடலாம் என்று இப்போதே முடிவு பண்ணி ஓரத்தில் கோடு போட்டு வை. டீ லேட்டாக வரும், அதிகாரி திடீரென்று வந்து பத்து நிமிஷம் வாழ்த்திப் பேசுவார், உன் ஒரு மணி நேரம் நாற்பது நிமிஷமாகும். எதை விடுவது என்று மேடையில் யோசிக்காதே.

‘என்னைக் கூப்பிடும்போது பார்த்துக்கலாம்’ என்கிறாயா? பக்கத்துச் சின்னப்பம்பட்டி நடராஜனை நினைத்துப் பார். 2020-ல் இந்திய கிரிக்கெட் அணியோடு ஆஸ்திரேலியாவுக்கு வலைப்பயிற்சிப் பந்துவீச்சாளராகப் போனவர். அணிக்குள் ஒவ்வொருவராகக் காயம்பட, டிசம்பர் 2-ம் தேதி கான்பெராவில் ஒருநாள் போட்டி, இரண்டு நாள் கழித்து டி20, ஜனவரி 15-ம் தேதி பிரிஸ்பேனில் டெஸ்ட். ஒரே பயணத்தில் மூன்று வகையிலும் அறிமுகம்! கூப்பிட்ட பிறகு யார்க்கர் பழகியிருந்தால் ஆகியிருக்குமா? வரவேண்டிய கருத்தாளர் வராத நாளில்தான் உன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். அன்றைக்கு உன் பையில் நூலில் கோத்த அட்டை இருக்கிறதா?

என்னை மறுபடியும் அதே கூடத்துக்கு அனுப்பினார்கள், ஏழெட்டு மாசம் கழித்து. அதே வெற்றிலை அம்மா, அதே முன்வரிசை. கையில் பதினோரு அட்டை. எவருடைய கல்யாணமோ, பின்பக்கம் பிள்ளையார் சிரித்துக்கொண்டிருந்தார். நெஞ்சு அடித்தது, இல்லை என்று சொன்னால் பொய். குனிந்து முதல் வரியைப் பார்த்தேன், நிமிர்ந்து சொன்னேன். மூணாவது அட்டைக்கு வரும்போது சொல்லிவைத்த மாதிரி கரண்ட் போனது. ஜன்னல் பக்கம் இரண்டடி நகர்ந்தேன், வெளிச்சத்தில் அட்டையைப் பிடித்தேன், கேட்டேன்: “மூணாவது மாசம் உங்க தலைமேல கடன் எவ்வளவுங்க?”

வாயை மூடினேன். ஒன்று, இரண்டு, மூன்று. ஃபேனும் ஓடாத அந்தக் கூடத்தில் வளையல் சத்தம் மட்டும் கேட்டது. ஏழு எண்ணும்போது பின்வரிசையில் யாரோ விரல் மடக்கிக்கொண்டே, “எட்டாயிரமுங்க” என்றார். நான் அடுத்த வரியைச் சொல்லவே தேவை வரவில்லை. முன்வரிசை அம்மா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, “அப்ப நாங்க பத்துக்கே கட்டிக்கிட்டு இருக்கறமே!” என்று பக்கத்தில் இருந்தவர் தொடையில் தட்டினார். கூடம் கொதித்தது. ஸ்லைடு எப்போது திரும்ப வந்தது என்று யாரும் பார்க்கவில்லை.

சாப்பாட்டுக்குக் கலைந்தபோது அந்த அம்மா என்னிடம் வந்தார். “கண்ணு, அந்த மூணாவது அட்டையை மட்டும் குடு. ஞாயித்துக்கெழமை எங்க சங்கத்துல நான் சொல்லோணும். எம்பேத்தி படிச்சுச் சொல்லுவா.”

நூலை அவிழ்த்து, உருவிக் கொடுத்தேன். ‘வாயை மூடு’ என்ற வரியோடுதான்.